ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வெடிக்கும் சூரியன்: ஒரு செயல்பகுதியை நாள்தோறும் பின்தொடர முழுமையான வழிகாட்டி

2024 மே 8ஆம் தேதி, சூரியனின் தெற்குப் பாதியில் இருந்த ஒரு சூரியப்புள்ளிக் கூட்டத்தில், வெடிப்புகளிலேயே மிகப் பெரிய வகையான எக்ஸ் வகுப்பு வெடிப்பு ஒன்று நிகழ்ந்தது. அன்றே இன்னொன்று. 9ஆம் தேதி இரண்டு, 10ஆம் தேதி ஒன்று, 11ஆம் தேதி இரண்டு, 12ஆம் தேதி ஒன்று. 14ஆம் தேதி அது மேற்கு விளிம்பை எட்டிவிட்டது. அங்கே போயும் ஓயவில்லை. அன்று மட்டும் மூன்று, அவற்றில் ஒன்று எக்ஸ் 8.7. மறுநாள் பார்வையிலிருந்து மறையும் தறுவாயில் மேலும் ஒன்று. எட்டு நாளில் பன்னிரண்டு எக்ஸ் வெடிப்புகள், அத்தனையும் 13664 என்ற எண் கொண்ட ஒரே செயல்பகுதியிலிருந்து, அதாவது காந்தப்புலம் வலுத்த ஒரே இடத்திலிருந்து.

செய்திகளில் இவை பன்னிரண்டு தனித்தனிச் சம்பவங்களாகவே வந்தன. அப்படி வாசித்தால் சூரியன் நினைத்தபோது நினைத்த இடத்தில் வெடிப்பதாகத்தான் தோன்றும். பல ஆண்டுகளாக சூரியப் படங்களைத் தினமும் பார்த்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரு வெடிப்பைப் புரிந்துகொள்ள அந்த வெடிப்பு மட்டும் போதாது. அது எந்த இடத்தில் பிறந்தது, அங்கே நேற்று என்ன நடந்தது, அதற்கு முந்தைய நாள் என்ன நடந்தது என்பதெல்லாம் தெரிய வேண்டும். ஒரு பகுதி கிழக்கு விளிம்பில் எட்டிப் பார்க்கும் நாள் தொடங்கி மேற்கில் மறையும் வரை ஏறத்தாழ இரண்டு வாரம். அந்த இரண்டு வாரமும் அதன் பின்னாலேயே போவது எப்படி என்பதுதான் இந்த வழிகாட்டி.

ஓர் எச்சரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெறும் கண்ணால் சூரியனைப் பார்க்காதீர்கள். பெரிய புள்ளிகளை நேரில் பார்க்க ஆசைப்பட்டால் ஐஎஸ்ஓ 12312-2 தரச் சான்று பெற்ற கிரகணக் கண்ணாடி வேண்டும். தொலைநோக்கியாக இருந்தால் வடிகட்டி அதன் முன்முனையில் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். கிரகணக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தொலைநோக்கிக்குள் பார்ப்பது கண்ணைப் பறித்துவிடும். கீழே சொல்லப்போகும் வேலை முழுவதற்கும் விண்கலங்கள் அனுப்பும் படங்களே போதும். அவை எல்லாருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன.

1. எண்ணையும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்

சூரியப்புள்ளிக் கூட்டங்களுக்கு அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா 1972 ஜனவரியிலிருந்து வரிசை எண் இட்டு வருகிறது. பேச்சு வழக்கில் கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் சொல்வார்கள். 13664ஐ 3664 என்று யாராவது குறிப்பிட்டால் குழம்ப வேண்டாம். இன்னொரு குழப்பம் இதைவிடப் பெரியது. சூரியனைச் சுற்றிவிட்டு அதே பகுதி மீண்டும் கிழக்கில் தோன்றும்போது அதற்குப் புது எண் கொடுத்துவிடுவார்கள். 13664 மே கடைசியில் 13697 ஆகத் திரும்பியது, ஜூனில் 13723 ஆனது. மூன்றும் ஒன்றே என்று தெரியாதவருக்கு அதன் வரலாறு மூன்று துண்டாகிவிடும்.

ஒரு குறிப்பேட்டில் பகுதிக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். தேதி, இடம், பரப்பு, காந்த வகை, அன்றைய வெடிப்புகள் என ஐந்து பத்தி போதும். நேரத்தை எப்போதும் உலகப் பொது நேரத்தில் எழுதுங்கள். உள்ளூர் நேரத்தையும் அதையும் கலந்து எழுதினால் ஒரு வாரம் கழித்து உங்கள் குறிப்பு உங்களுக்கே விளங்காது.

இடத்தை அட்சரேகை, தீர்க்கரேகையாகச் சொல்வார்கள். தெற்கு 18, கிழக்கு 40 என்பது போல. படத்தில் வடக்கு மேலே இருக்கும். கிழக்கு இடப்பக்கம், மேற்கு வலப்பக்கம். உலக வரைபடத்துக்கு இது நேர் எதிர் என்பதால் முதலில் கொஞ்சம் தடுமாற்றம் வரும். பகுதி நாளொன்றுக்கு ஏறக்குறைய 13 பாகை வலப்புறம் நகரும்.

பரப்பின் அலகு, நமக்குத் தெரியும் சூரிய அரைக்கோளத்தின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. பூமியின் மொத்த மேற்பரப்பையும் விரித்து ஒட்டினால் இந்த அலகில் சுமார் 170 வரும். 2014 அக்டோபரில் வந்த 12192 ஏறக்குறைய 2,750 அலகு இருந்தது. அந்த மாதம் 23ஆம் தேதி நிகழ்ந்த பகுதிச் சூரிய கிரகணத்தின்போது, கிரகணக் கண்ணாடி வழியாகவே அந்தப் புள்ளி பலருக்குத் தெரிந்தது.

2. காந்த முகத்தைப் படியுங்கள்

மற்ற எல்லாவற்றையும் சேர்த்தாலும் இந்தப் படிதான் கனமானது. இதற்கு நேரம் கொடுங்கள்.

சூரியப்புள்ளி கருப்பாகத் தெரிவது அது சுற்றுப்புறத்தைவிடக் குளிர்ந்திருப்பதால். சூரிய மேற்பரப்பின் வெப்பநிலை ஏறத்தாழ 5,800 கெல்வின். புள்ளியின் நடுப்பகுதியிலோ 4,000 அளவுதான். கீழிருந்து வெப்பம் மேலேறி வருவதை அங்கே வலுவான காந்தப்புலம் தடுத்து நிறுத்துகிறது. புள்ளிகளில் காந்தப்புலம் இருப்பதை 1908இல் மவுண்ட் வில்சன் ஆய்வகத்தில் கண்டறிந்தவர் ஜார்ஜ் எல்லரி ஹேல். அந்த ஆய்வகத்தின் பெயரில் வழங்கும் வகைப்பாட்டைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம்.

ஒரே துருவம் மட்டும் உள்ள கூட்டம் ஆல்ஃபா. இரண்டு துருவங்களும் தெளிவாகப் பிரிந்து நின்றால் பீட்டா. இரண்டும் தாறுமாறாகக் கலந்து கிடந்தால் காமா. நீங்கள் தேட வேண்டியது டெல்டா. எதிரெதிர்த் துருவங்களைக் கொண்ட இரண்டு கருமையங்கள் (புள்ளியின் கரிய நடுப்பகுதிகள்) ஒரே புறநிழலுக்குள் (அவற்றைச் சூழ்ந்த சற்று வெளிறிய பகுதிக்குள்) நெருக்கியடித்துக்கொண்டு நிற்பது அது. பெயரில் டெல்டா ஒட்டிக்கொண்ட அன்றே குறிப்பேட்டில் சிவப்பு மையால் கோடு போடுங்கள். பெரிய வெடிப்புகளில் மிகப் பெரும்பாலானவை இத்தகைய கூட்டங்களிலிருந்தே வருகின்றன.

வகையின் பெயரோடு நின்றுவிடாமல் காந்தப் படத்தைத் திறந்து பாருங்கள். 2010இல் ஏவப்பட்ட எஸ்டிஓ விண்கலம் 45 விநாடிக்கு ஒரு காந்தப் படம் எடுக்கிறது. வெள்ளை என்றால் நம்மை நோக்கி வரும் புலம், கருப்பு என்றால் நம்மைவிட்டு விலகும் புலம். வெள்ளையும் கருப்பும் முட்டிக்கொள்ளும் எல்லைக்கோட்டில் கண்ணை வையுங்கள். அந்தக் கோடு நீளமாக, கூர்மையாக, நெளிந்து வளைந்து ஓடினால் அங்கே சக்தி சேர்ந்துகொண்டிருக்கிறது. அதன் இருபுறமும் உள்ள புள்ளிகள் ஒன்றையொன்று உரசி எதிரெதிர்த் திசையில் நகர்ந்தால் இன்னும் கவனம் தேவை. இரண்டு நாள் படங்களை அடுத்தடுத்து ஓடவிட்டால் இந்த நகர்வு நன்றாகவே தெரியும்.

அங்கே நடப்பது இதுதான். மேற்பரப்புக்குக் கீழே பொருள் அடர்த்தியானது. காந்தப்புலத்தை அது தன் போக்கில் இழுத்துச் செல்லும். மேலே கரோனா என்னும் சூரியனின் வெளி வளிமண்டலத்தில் பொருள் மிக மெலிதானது; அங்கே காந்தப்புலம் வைத்ததுதான் சட்டம். ஆக, கரோனாவில் வளைந்து நிற்கும் காந்தக் கோடுகளின் கால்களைக் கீழே உள்ள பொருள் நகர்த்துகிறது, திருகுகிறது. கயிற்றுக்குப் புரி ஏறுவதுபோல மேலே முறுக்கு ஏறுகிறது. ஓர் எல்லை தாண்டியதும் எதிரெதிர்க் கோடுகள் அறுந்து வேறு விதமாக இணைகின்றன. காந்த மறுஇணைப்பு என்பது அதைத்தான். சேர்ந்த சக்தி வெப்பமாக, எக்ஸ் கதிராக, வேகமெடுத்த துகள்களாகச் சில நிமிடங்களில் கொட்டிவிடுகிறது.

ஒரு தடவை வெடித்ததும் ஏன் அடங்குவதில்லை? இந்தத் துறைக்கு வரும் எல்லாரும் கேட்கும் கேள்வி, நானும் கேட்டேன். வெடிப்பில் செலவாவது முறுக்கில் சேர்ந்த சக்தி, அதிலும் ஒரு பங்குதான். காந்தப்புலத்தின் வேர் அப்படியே இருக்கிறது. பெரிய வெடிப்புக்கு மறுநாள் புள்ளியின் படத்தைப் பார்த்தால் ஒன்றுமே நடக்காததுபோல் நிற்கும். கீழே உரசலும் திருகலும் தொடரும்வரை, அடியிலிருந்து புதுக் காந்தப்புலம் மேலே வந்துகொண்டிருக்கும்வரை, மறுபடி முறுக்கு ஏறும். மறுபடி அதே இடத்தில், சில சமயம் அச்சில் வார்த்ததுபோல் அதே வடிவில் வெடிக்கும். இப்படி ஒரே சாயலில் வருபவற்றை ஒத்த வெடிப்புகள் என்கிறோம். இரண்டின் படங்களை அருகருகே வைத்துப் பார்க்கும்போது எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

எவ்வளவு விரைவில் நிலைமை மாறும் என்பதற்கு 12673ஐ நினைத்துக்கொள்ளுங்கள். 2017 ஆகஸ்ட் கடைசியில் அது ஒற்றைப் புள்ளி, யாரும் பொருட்படுத்தவில்லை. செப்டம்பர் 3, 4 தேதிகளில் அதன் பக்கத்திலேயே புதுப் புலம் மளமளவென்று மேலெழுந்து டெல்டாவாகச் சிக்கியது. 6ஆம் தேதி எக்ஸ் 9.3. அமைதியாக இருக்கும் பகுதியையும் விடாமல் தினம் ஒரு பார்வை பார்க்கச் சொல்வது இதனால்தான்.

3. எக்ஸ் கதிர் வரைகோட்டில் வெடிப்புகளை எண்ணுங்கள்

பூமியைச் சுற்றும் கோஸ் விண்கலங்கள் சூரியனின் எக்ஸ் கதிர்ச் செறிவை இடைவிடாமல் அளக்கின்றன. ஏ, பி, சி, எம், எக்ஸ் என ஐந்து வகுப்பு. ஒவ்வொன்றும் முந்தையதைப் போல் பத்து மடங்கு. எம் 5 என்பது எக்ஸ் 1இல் பாதி. எக்ஸ் வகுப்புக்கு மேல் எல்லை கிடையாது. 2003 நவம்பர் 4 அன்று 10486 என்ற பகுதி வெடித்தபோது கருவியே திணறி உச்ச அளவில் முட்டி நின்றுவிட்டது. எக்ஸ் 28 என்பது பிறகு கணித்துச் சொன்னது. அதே பகுதி அதற்கு ஒரு வாரம் முன்புதான் அக்டோபர் 28இல் எக்ஸ் 17, 29இல் எக்ஸ் 10 என்று அடுத்தடுத்து வெடித்திருந்தது.

இந்த வரைகோடு சூரியன் முழுவதற்கும் பொதுவானது. எந்தப் பகுதி வெடித்தது என்று அது சொல்லாது. வரைகோட்டில் உச்சம் தெரிந்த நிமிடத்தைக் குறித்துக்கொண்டு, எஸ்டிஓவின் 131 ஆங்ஸ்ட்ராம் படத்தில் அதே நிமிடத்தைப் பாருங்கள். ஒரு கோடி கெல்வின் அளவுக்குச் சூடேறிய பொருள் அந்த அலைநீளத்தில் பளிச்சென்று தெரியும். 12 விநாடிக்கு ஒரு படம் கிடைப்பதால் இடத்தைத் தவறவிட வாய்ப்பே இல்லை.

கோட்டின் உருவத்தையும் எழுதிவையுங்கள். ஊசிபோல் ஏறி உடனே இறங்கியதா, மணிக்கணக்கில் மெல்ல இறங்கியதா? நீடித்து இறங்கும் வெடிப்புகளோடுதான் பெரும்பாலும் பொருள் வெளியேற்றமும் சேர்ந்து வரும்.

நாளை என்ன ஆகும் என்று கணிக்க ஆசை வரும். அதற்கு எளிய கருவி உங்கள் குறிப்பேடே. நேற்று எம் வகுப்பில் பல முறை வெடித்த பகுதி இன்றும் வெடிக்கும் என்று சொல்வது நுணுக்கமான பல கணிப்பு முறைகளோடு போட்டி போடும் அளவுக்கு நன்றாகவே பலிக்கிறது. எந்த மணிக்கு, எவ்வளவு பெரிதாக என்பதைத்தான் யாராலும் உறுதியாகச் சொல்ல முடிவதில்லை.

4. பொருள் வெளியேறியதா என்று உறுதி செய்யுங்கள்

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். நானும் சறுக்கினேன். 2024 அக்டோபர் 3ஆம் தேதி 13842 என்ற பகுதி எக்ஸ் 9.0 வெடிப்பைக் காட்டியது. சூரிய வட்டின் நடுவில், கிட்டத்தட்ட நம்மை நேராகப் பார்த்து. பெரும் காந்தப்புயல், அதாவது பூமியின் காந்தப்புலத்தையே குலைக்கும் புயல், வருகிறது என்று நண்பர்களுக்கெல்லாம் சொல்லி வைத்தேன். அந்த மாதத்தின் பெரிய புயல் வந்தது 10ஆம் தேதி. அதை எழுப்பியது 13848 என்ற வேறொரு பகுதியில் 9ஆம் தேதி நிகழ்ந்த எக்ஸ் 1.8 வெடிப்பு. எண்ணில் ஐந்தில் ஒரு பங்கு. அதோடு வெளியேறிய பொருள்தான் வேகமாகவும் நேராகவும் வந்தது.

சுடர்வெடிப்பு வேறு, பொருள் வெளியேற்றம் வேறு. முன்னது, இதுவரை வெடிப்பு என்று சொல்லிவந்தது, ஒளி; 8 நிமிடம் 20 விநாடியில் பூமியை அடைந்துவிடும். பின்னது காந்தப்புலத்தைச் சுமந்துகொண்டு கிளம்பும் பெரும் பொருள் மேகம். சிஎம்இ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இரண்டும் சேர்ந்தே வர வேண்டும் என்ற விதி இல்லை. முன்னே சொன்ன ராட்சதப் பகுதி 12192 ஆறு எக்ஸ் வெடிப்புகளை நிகழ்த்தியும் அவற்றில் ஒன்றோடுகூடக் குறிப்பிடத்தக்க சிஎம்இ கிளம்பவில்லை. மேலே கவிந்திருந்த வலுவான காந்த வளைவுகள் கூண்டுபோல அமுக்கிப் பிடித்துவிட்டன.

உறுதி செய்ய, சூரிய வட்டை மறைத்துச் சுற்றுப்புறத்தை மட்டும் காட்டும் கரோனா வரைவிப் படங்களைப் பாருங்கள். 1995இல் ஏவப்பட்ட சோஹோ விண்கலத்தின் லாஸ்கோ கருவி இதற்குப் பேர்போனது. மேகம் ஒரு பக்கமாக மட்டும் கிளம்பினால் நமக்குக் கவலை குறைவு. மறைப்புத் தட்டைச் சுற்றி எல்லாத் திசையிலும் வளையமாக விரிந்தால் அது நம்மை நோக்கி வருகிறது, அல்லது நமக்கு நேர் எதிர்த்திசையில் போகிறது. படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். 193 ஆங்ஸ்ட்ராம் படத்தில் அதே நேரத்தில் முன்பக்கம் ஏதாவது வெடித்து, சுற்றுப்புறம் திடீரென்று மங்கியதா என்று பாருங்கள். மங்கியிருந்தால் வருகிறது.

லாஸ்கோ படம் முழுக்கத் திடீரென்று வெள்ளைப் பொட்டுகள் கொட்டினால் கருவி பழுதாகவில்லை. வேகமான புரோட்டான்கள் வந்து மோதுகின்றன.

5. இடத்தை வைத்து விளைவை எடைபோடுங்கள்

பகுதி கிழக்கு விளிம்பில் இருக்கும்போது வெளியேறும் மேகம் பெரும்பாலும் நம்மைத் தொடாமல் போய்விடும். சூரிய வட்டின் நடுக்கோட்டுக்கு இருபுறமும் 30, 40 பாகைக்குள் வரும் அந்த ஐந்தாறு நாள்தான் காந்தப்புயலுக்கு உகந்த காலம். அதைத் தாண்டியதும் ஆபத்து ஓய்ந்துவிடுவதில்லை, உருவம் மாறுகிறது. சூரியன் சுழல்வதால் அதிலிருந்து கிளம்பும் காந்தக் கோடுகள் சுருளாக வளைந்து பூமிக்கு வருகின்றன. அந்தக் கோட்டின் வேர் மேற்கில் 50, 60 பாகைப் பக்கம் இருக்கும். அங்கே வெடித்தால் வேகத் துகள்கள் போட்ட பாதையில் வருவதுபோல் நம்மை வந்தடையும். 12673 மேற்கு விளிம்பில் மறையும்போது, 2017 செப்டம்பர் 10இல், எக்ஸ் 8.2 அளவில் வெடித்தது. அந்தத் துகள்களைத் தரையில் உள்ள கருவிகளும் பதிவு செய்தன.

6. வரிசையில் வரும் மேகங்களைச் சேர்த்துக் கணக்கிடுங்கள்

ஒரே பகுதி திரும்பத் திரும்ப வெடிப்பதன் உண்மையான ஆபத்து இங்கேதான் இருக்கிறது. முதல் மேகம் போகும் வழியில் இருந்த சூரியக் காற்றைப் பெருக்கித் தள்ளிவிடுகிறது. பின்னால் வருவதற்குத் தடை குறைவு. வேகம் குறையாமல் வந்து சேர்கிறது. வேகமான இரண்டாவது மேகம் முதலாவதை எட்டிப் பிடித்தால் இரண்டின் காந்தப்புலமும் நெரிந்து வலுக்கிறது.

2024 மே 8 முதல் 13664 அனுப்பிய மேகங்களில் குறைந்தது ஐந்து பூமியை நோக்கி வந்தன. சில வழியிலேயே ஒன்றோடொன்று கலந்தன. 10ஆம் தேதி எழுந்த புயல் ஜி5 என்ற உச்ச நிலையை எட்டியது. 2003 அக்டோபருக்குப் பின் அதுவே முதல் முறை. ஆங்கிலேய வானியலாளர் ரிச்சர்ட் காரிங்டன் 1859 செப்டம்பர் 1 அன்று கண்ட புகழ்பெற்ற வெடிப்பின் மேகம் 18 மணி நேரத்துக்குள் பூமியை அடைந்தது. சில நாள் முன்னரே ஒரு புயல் வந்து வழியைத் துடைத்து வைத்திருந்ததும் அதற்கு ஒரு காரணம் என்று கருதுகிறார்கள். 2012 ஜூலை 23இல் 11520 அனுப்பிய அதிவேக மேகத்துக்கும் ஜூலை 19இல் கிளம்பிய முந்தைய மேகம் வழிவிட்டிருந்தது. அது பூமியின் திசையில் வரவில்லை. ஸ்டீரியோ-ஏ விண்கலத்தின் மீது மோதியதால்தான் அதன் வலிமையை அளக்க முடிந்தது.

குறிப்பேட்டில் சிஎம்இகளுக்குத் தனி அட்டவணை போடுங்கள்: கிளம்பிய நேரம், வேகம், உத்தேச வருகை. 15 கோடி கிலோமீட்டரை விநாடிக்கு 500 கி.மீ. வேகத்தில் கடக்க மூன்றரை நாள் ஆகும், 1,000 கி.மீ. என்றால் 42 மணி நேரம். 2,000 என்றால் 21. வழியில் வேகமானவை சற்றுத் தளரும், மெதுவானவை சூரியக் காற்றோடு இழுபடும் என்பதால் இது தோராயம்தான். அட்டவணையில் பின்னால் கிளம்பியது முன்னதற்கு முன்போ அதனுடனோ வந்து சேர்வதாகக் கணக்கு வந்தால் இரண்டையும் வட்டமிட்டு இணையுங்கள்.

7. வாசலில் காத்திருங்கள்

பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தொலைவில், சூரியனின் பக்கம், எல்1 புள்ளி இருக்கிறது. ஏஸ் முதலிய விண்கலங்கள் அங்கே காவல் நிற்கின்றன. 2024 ஜனவரி 6 முதல் ஆதித்யா-எல்1 விண்கலமும் அந்தப் புள்ளியைச் சுற்றி வருகிறது. மேகம் அங்கே வந்து மோதியபின் பூமியை அடைய அரை மணி முதல் ஒரு மணி நேரம்.

மூன்று அளவுகளைப் பாருங்கள்: வேகம், அடர்த்தி, பிஇசட் எனப்படும் காந்தப்புலத்தின் வடக்கு-தெற்குக் கூறு. முதல் இரண்டும் எகிறினாலும் பிஇசட் வடக்கு நோக்கி நின்றால் பூமியின் காந்தக் கவசம் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். தெற்கு நோக்கி, அதாவது மைனஸில், மணிக்கணக்கில் நின்றால் கதவு திறந்துகொண்டது என்று பொருள். மைனஸ் 10 நானோடெஸ்லா நீடித்தாலே புயல் எழும். 2024 மேயில் அது மைனஸ் 40ஐத் தாண்டியது.

விளைவுகளை மூன்று தனித் தராசில் எடைபோடுகிறார்கள். ஆர் என்பது வெடிப்பின் எக்ஸ் கதிரால் பகல் பக்கத்தில் ஏற்படும் வானொலித் துண்டிப்பு, எஸ் துகள் புயல், ஜி காந்தப்புயல். ஒவ்வொன்றும் 1 முதல் 5 வரை. ஆர் உடனே வரும், ஜி நாள்கணக்கில் தள்ளி வரும். 1989 மார்ச்சில் 5395 என்ற பகுதி அடுத்தடுத்து வெடித்ததைத் தொடர்ந்து வந்த புயல், 13ஆம் தேதி கனடாவின் கியூபெக் மாகாண மின்தொகுப்பைச் சாய்த்தது. சுமார் 60 லட்சம் பேர் ஒன்பது மணி நேரம் மின்சாரமின்றி இருந்தார்கள்.

8. மறைந்த பிறகும் விடாதீர்கள்

மேற்கு விளிம்பைத் தாண்டிய பகுதி அடுத்த இரண்டு வாரம் நம் கண்ணுக்குத் தெரியாது. சூரியனுக்குள் பயணிக்கும் ஒலி அலைகளை ஆராய்ந்து மறுபக்கத்துப் பெரிய புள்ளிகளின் இருப்பை உணரும் முறை இருக்கிறது. அந்த வரைபடங்களில் கரிய திட்டாகத் தெரியும். மறுபக்கமாகச் சுற்றிவரும் சோலார் ஆர்பிட்டர் சரியான இடத்தில் இருந்தால் வெடிப்பையே நேரில் பார்த்துவிடும். மறைந்துபோன 13664 மே 20ஆம் தேதி எக்ஸ் 12 அளவுக்கு வெடித்ததாக அந்தக் கலத்தின் பதிவிலிருந்துதான் மதிப்பிட்டார்கள். பூமியிலிருந்து பார்த்திருந்தவர்களுக்கு அது தெரியவே இல்லை.

காரிங்டன் சுழற்சிக் கணக்கில் 27.27 நாளுக்கு ஒரு முறை அதே தீர்க்கரேகை நம் முன் வரும். குறிப்பேட்டில் உங்கள் பகுதி நடுக்கோட்டைக் கடந்த நாளோடு 27ஐக் கூட்டி எழுதுங்கள். அதற்கு ஒரு வாரம் முன்னதாகக் கிழக்கு விளிம்பைக் கவனியுங்கள். புள்ளி தெரிவதற்கு முன்பே விளிம்புக்கு மேல் ஒளிரும் வளைவுகள் எழுந்து நிற்கும். 171 ஆங்ஸ்ட்ராம் படத்தில் அவை துல்லியமாகத் தெரியும். வளைவுகள் தாழ்ந்து மங்கலாக இருந்தால் பகுதி தேய்ந்துவிட்டது. உயர்ந்து துடித்துக்கொண்டிருந்தால், 13697 ஆகத் திரும்பிய 13664 மே 27இல் மீண்டும் எக்ஸ் வகுப்பில் வெடித்ததை நினைவில் வைத்துக்கொண்டு, புதுப் பக்கத்தைத் திறந்து புது எண்ணை எழுதி, அதற்குக் கீழே பழைய எண்ணையும் எழுதுங்கள்.